கார் பின் கண்ணாடி சன் ஃபிலிமில் குமிழி, உரிக்கலாமா?

கேள்வி: ஃபிலிம் ஒட்டி 4 நாள். பின்னால் டீஃபாகர் கோடுகளை (கண்ணாடியின் பனிமூட்டம் நீக்கும் சூட்டுக் கோடுகள்) ஒட்டிக் குமிழிகள். பக்கக் கண்ணாடிக்கு 50% (பாதி வெளிச்சம் விடும்) ஃபிலிம் போட்டது சரியா?

பதில் 1: அவசரப்படாதீங்க. அழுத்தினால் நகர்வது தண்ணீர். வெயிலில் நிறுத்தினால் 2, 3 வாரத்தில் காயும். மணல்போல் நெருடினால் தூசி, அது போகாது. உரிப்பதானால் பிளேடு கூடவே கூடாது, டீஃபாகர் கோடு அறுந்துவிடும். ஆவி காட்டி மூலையிலிருந்து மெதுவாக இழுங்க.

பதில் 2: 50% தப்புக் கணக்கு. கம்பெனிக் கண்ணாடியே சுமார் 75% வெளிச்சம்தான் விடும். 0.75 × 0.50 = 37.5%. மத்திய மோட்டார் வாகன விதி எண் 100, பக்கக் கண்ணாடிக்கு 50%, முன்பின் கண்ணாடிக்கு 70% வெளிச்சம் கேட்கிறது. ஃபிலிம் ஒட்டவே கூடாது என்ற 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி ஃபிலிம் என்றாலே அபராதம் போடுபவர்களும் உண்டு!

பதில் 3: இன்னும் 2 நாள் பக்கக் கண்ணாடியை இறக்காதீங்க, பீடிங் ரப்பர் (கண்ணாடி இறங்கும் இடத்து ரப்பர் பட்டை) ஃபிலிம் ஓரத்தைச் சுருட்டிவிடும். அமோனியா கிளீனரும் வேண்டாம்.