ஒரே நாணயம் இருந்தும் ஐரோப்பா ஏன் ஒன்றுசேர முடியவில்லை?

அல்சூர்வாசி:
எங்கள் பெங்களூர் ஆபீஸுக்கு வேலை தருவது ஒரு ஜெர்மன் கம்பெனி, அதற்கு இத்தாலியிலும் கிளை உண்டு. இரண்டு பக்கமும் யூரோவில்தான் சம்பளம். ஆனால் அரசுக் கடன், பட்ஜெட் என்று பேச்செடுத்தால் ஒருவர் சொல்வதை மற்றவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. நம் நாட்டில் இத்தனை மொழி, இத்தனை மதம் இருந்தும் ஒரே ரூபாய், ஒரே மத்திய அரசு என்று ஓடுகிறது. ஒரே நாணயத்துக்கு வழிபோட்ட மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் அவர்கள் போட்டது 1992-ல், இன்னும் பொதுவாக ஒரு நிதி அமைச்சகம்கூட வரவில்லை. மொழிதான் தடையா?

ஜெயநகர் ஓய்வூதியர்:
மொழி சின்னக் காரணம் தம்பி. வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு வட்டிதான் முதலில் கண்ணில் படும். ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் மத்திய வங்கி எல்லோருக்கும் ஒரே வட்டி வைக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் ஜெர்மனி மந்தமாக இருந்ததால் வட்டி குறைவு, அந்த மலிவுக் கடன் ஸ்பெயினிலும் அயர்லாந்திலும் வீடுகளாக எழும்பிக்கொண்டே போனது. ஸ்பெயின் அரசு ஊதாரியும் இல்லை, 2007-ல் அதன் கடன் நாட்டு உற்பத்தியில் சுமார் 36 சதவீதம்தான், யூரோ நாடுகளுக்கான விதி அனுமதித்தது 60. அப்புறம் எல்லாம் சரிந்து, 2013-ல் அங்கே நான்கில் ஒருவருக்கு மேல் வேலை இல்லை. சொந்த நாணயம் இருந்தால் மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியைத் தூக்கிவிட்டிருப்பார்கள், அந்த வழியும் அடைபட்டுவிட்டது. பீகாரில் வேலை இல்லையென்றால் ஆட்கள் இங்கே வொயிட்ஃபீல்டுக்குக் கட்டட வேலைக்கு வருகிறார்கள், மத்திய வரியிலிருந்து பீகாருக்குப் பணமும் போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்ஜெட்டோ உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய 1 சதவீதம். அதை வைத்து யாரைத் தாங்குவது?

கே.ஆர்.புரம் ரயில்:
சார், இங்கேயும் அந்தப் பணம் சண்டை இல்லாமல் போகவில்லையே. வரிப் பகிர்வில் கர்நாடகத்தின் பங்கு 14-வது நிதிக்குழுவில் 4.713 சதவீதம், 15-வதில் 3.647. 2024 பிப்ரவரியில் சித்தராமையா அமைச்சர்களோடு டெல்லி ஜந்தர் மந்தரில் போய் உட்கார்ந்தார். ஆனால் அந்தக் கோபத்தைக் கொண்டுபோக நமக்கு நாடாளுமன்றம் இருக்கிறது, எல்லோரும் ஓட்டுப் போடும் ஒரே தேர்தல் இருக்கிறது. கிரீஸ்காரர் எங்கே போவார்? 2015 ஜூலை 5 வாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர் கடன் கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனைகள் வேண்டாம் என்றார்கள், பத்து நாள்கூட ஆகவில்லை, அவர்கள் அரசு கடுமையான நிபந்தனைகளுக்குத் தலையாட்ட வேண்டியதாயிற்று. ஜெர்மன்காரரும் கேட்கிறார், நான் ஓட்டுப் போடாத அரசு வாங்கிய கடனுக்கு என் வரியா என்று. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதுதான் இதில் கஷ்டமே.

மல்லேஸ்வரம் மாடி:
கிரேக்கர்கள் சோம்பேறிகள் என்று இங்கே அடிக்கடி எழுதுகிறார்கள், படிக்கவே எரிச்சலாக இருக்கிறது. ஓஈசிடி என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் அமைப்பு தரும் கணக்கில் ஒருவர் வருடத்தில் வேலை செய்யும் மணிநேரம் ஜெர்மனியைவிட கிரீஸில்தான் அதிகம். அவர்கள் அரசு பற்றாக்குறையை மறைத்தது தப்பு, மக்களை ஏன் திட்ட வேண்டும்? விதியும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. 3 சதவீதப் பற்றாக்குறை வரம்பை ஜெர்மனியும் பிரான்ஸும் தாண்டியபோது, 2003 நவம்பரில் ஒன்றியத்தின் நிதி அமைச்சர்கள் அவர்கள் மேல் நடவடிக்கையை நிறுத்திவைத்தார்கள். சின்ன நாடுகள் அதை மறக்கவில்லை. ஜெர்மனிக்கோ பணத்துக்கு மதிப்பே இல்லாமல் போன 1923 பணவீக்கத்தின் பயம் இன்னும் போகவில்லை. இதற்கு மேல், வரி விஷயத்தில் எல்லா நாடும் சம்மதித்தால்தான் எதுவும் நகரும்.

அல்சூர்வாசி:
நன்றி. அப்போ கொரோனா நேரத்தில் மட்டும் எப்படிச் சேர்ந்து கடன் வாங்கினார்கள்?

ஜெயநகர் ஓய்வூதியர்:
அந்தத் தடவை அடி எல்லோருக்கும் விழுந்தது, யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. அப்படியும் 2020 ஜூலையில் தலைவர்கள் நாள்கணக்கில் பேசித்தான் 75,000 கோடி யூரோவுக்கு ஒத்துக்கொண்டார்கள். நெதர்லாந்து, ஆஸ்திரியா, டென்மார்க், சுவீடன் நான்கும் பிடிவாதமாக நின்றதால் இலவச உதவி 50,000 கோடியிலிருந்து 39,000 கோடிக்கு இறங்கியது. அசலை 2028-லிருந்து 2058-க்குள் அடைக்க வேண்டும். அதற்கு எந்த வருவாய் என்பதில்தான் இப்போதும் இழுபறி.