பார்த்த சொல்லை மனம் அடையாளம் காண்பது ஒரு வழியிலா, இரண்டு வழியிலா?

மாறன்:
சொற்பட்டியல் சோதனை தெரிந்ததுதான். சில சொற்களைக் காட்டுவார்கள். அப்புறம் புதியவற்றையும் கலந்து, 'இது முன்பு பார்த்ததா?' என்று கேட்பார்கள். பார்த்த தருணமே நினைவுக்கு வருவது ஒரு வழி, பழகியதுபோலத் தோன்றுவது இன்னொரு வழி என்று சில உளவியலாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. உள்ளே இருப்பது பரிச்சயம் என்ற ஒரே அளவு. ஓர் எல்லையைத் தாண்டினால் 'பார்த்தேன்', இன்னும் ஏறினால் 'நன்றாக நினைவிருக்கிறது'.

தேன்மொழி:
பேருந்தில் ஒருவர். நிச்சயம் தெரிந்த முகம், யாரென்றுதான் பிடிபடவில்லை. சற்றுக் கழித்து, 'அட, கறிக்கடைக்காரர்!' உளவியலாளர் ஜார்ஜ் மாண்ட்லர் 1980இல் சொன்ன உதாரணம். பரிச்சயம் முதலிலேயே முழுதாக இருந்தது. பிறகு வந்தது வேறொன்று.

மாறன்:
1995இல் ரோடிகர், மெக்டெர்மட் என்ற இரு ஆய்வாளர்கள் கட்டில், ஓய்வு, களைப்பு, கனவு என்பதுபோலச் சொற்களை வாசித்துக் காட்டினார்கள். 'தூக்கம்' பட்டியலில் இல்லை. ஆனாலும் பலர் அதைக் கேட்டதாகச் சொன்னார்கள், கேட்ட தருணமே நினைவிருப்பதாகவும் சொன்னார்கள். நடக்காத தருணம் எப்படி நினைவுக்கு வரும்?

தேன்மொழி:
மனம் தருணத்தைக் கட்டி எழுப்புகிறது, சில நேரம் பிசகாகக் கட்டுகிறது. அதனால் அப்படி ஒரு வேலையே இல்லை என்றாகிவிடாது. லாரி ஜகோபி என்ற ஆய்வாளர் 1999இல் சில சொற்களைப் படிக்கவும் வேறு சிலவற்றைக் கேட்கவும் வைத்தார். 'கேட்டதற்கு மட்டும் ஆம் சொல்லுங்கள்' என்றார். பலமுறை படித்த சொல்லை இளைஞர்கள் எளிதாக விலக்கினார்கள். முதியவர்களோ அதில்தான் கூடுதலாக ஏமாந்தார்கள். அவசரப்படுத்தினால் இளைஞர்களும் அப்படியே. ஒரே அளவென்றால் திரும்பத் திரும்பப் படித்தது எதிரெதிர் பலனை ஏன் தருகிறது?

மாறன்:
அங்கே கேள்வியே வேறு. 'பார்த்தாயா' அல்ல, 'படித்ததா, கேட்டதா'. அதற்குக் கூடுதலாக ஏதோ வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

தேன்மொழி:
சரி, 'பார்த்தாயா' மட்டும் எடுப்போம். அரிய சொல்லைப் பார்த்திருந்தால் மக்கள் சரியாக 'ஆம்' என்கிறார்கள். பார்க்காத அரிய சொல்லிலும் தவறு குறைவு. புழக்கச் சொல்லில் இரண்டுமே மோசம். உங்கள் கணக்குப்படி, பரிச்சயமான சொல்லுக்குத்தானே 'ஆம்' கூட வேண்டும்?

மாறன்:
அரிய சொல்லை ஒருமுறை பார்த்தாலே அதன் அளவு சட்டென்று உயரும். புழக்கச் சொல்லை இன்னொரு முறை பார்ப்பது கடலில் கரைத்த பெருங்காயம். அந்த உயர்வை மனம் கவனித்தால் போதும்.

தேன்மொழி:
உயர்ந்தது என்று தெரிய, முன்பு எங்கே இருந்தது என்பதும் தெரிய வேண்டுமே. அதை எது சொல்கிறது?