மொபைலுக்கு ஏஆர், விஆர் கேம்: எதில் ஆரம்பிப்பது?

கீறல்திரை

எல்லோருக்கும் வணக்கம். கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியில் சின்னச் சின்ன 2டி கேம்கள் செய்து பழக்கம் உண்டு, அதன் நிரல்மொழி சி ஷார்ப் ஓரளவு கைவரும். அடுத்து மொபைலுக்கு ஏஆரில், அதாவது கேமராவில் தெரியும் நிஜ இடத்தின் மேல் கற்பனைப் பொருள்களை வைத்துக் காட்டும் முறையில், ஒரு டவர் டிஃபென்ஸ் (கோட்டையைக் காக்கும் கேம்) செய்யலாம் என்று யோசனை. மேசை மேல் ஒரு கோட்டை எழும்பி நிற்கும், நாலு பக்கமும் எதிரிகள் ஏறி வருவார்கள், ஆடுபவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்து அடிக்க வேண்டும். இதையே கூகுளின் கார்ட்போர்டு மாதிரி கண்ணில் வைத்துப் பார்க்கும் ஒரு பெட்டிக்குள் போனைச் செருகி விஆரிலும் (கண் முழுக்கக் கற்பனை உலகம் மட்டும் தெரியும் முறை) ஆடும்படி செய்தால் ஒரே உழைப்பில் இரண்டு கேம் ஆகிவிடுமே என்று ஆசை. இது நடக்கிற காரியமா?

இன்னொன்று. யூனிட்டியின் ஏஆர் கருவித்தொகுப்பான ஏஆர் ஃபவுண்டேஷன் போட்டு ஒரு கனசதுரத்தை மேசையில் வைத்துப் பார்த்தேன். வைத்த இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. கொஞ்சம் சுற்றி வந்தால் நழுவுகிறது, சில நேரம் மேசைக்கு மேலே மிதக்கிற மாதிரி தெரிகிறது. போன் நடுத்தர விலை ஆண்ட்ராய்டுதான், கூகுளின் ஏஆர் மென்பொருளான ஏஆர்கோரின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறது.

மூன்றாம்கண்

முதலில் விஆர் ஆசையை ஓரமாக வையுங்கள். போனைப் பெட்டிக்குள் போட்டு ஆடும் விஆர் ஒரு காலத்தில் பெரிய எதிர்பார்ப்போடு வந்தது: 2014இல் கார்ட்போர்டு, அடுத்த வருடம் சாம்சங்கின் கியர் விஆர், 2016இல் கூகுளின் டேட்ரீம். 2019 அக்டோபரில் கூகுளே டேட்ரீம் கண்ணாடியை விற்பதை நிறுத்திவிட்டது. நாள் முழுக்கக் கையில் இருக்கும் போனைப் பெட்டிக்குள் பூட்டிவைக்க யாருக்கும் மனம் வரவில்லை, அதுதான் அவர்களே சொன்ன காரணங்களில் ஒன்று.

உங்கள் கேமுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கார்ட்போர்டு வகை விஆருக்குத் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது மட்டும்தான் தெரியும், நீங்கள் ஒரு அடி முன்னே வைத்தால் அதற்குத் தெரியாது. மேசையைச் சுற்றி நடப்பதுதான் உங்கள் கேமின் சுவையே, அதையே எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? அதோடு இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகப் படம் வரைய வேண்டும், தலை அசைந்து சுமார் 20 மில்லிசெகண்டுக்குள் திரை மாறாவிட்டால் ஆடுபவருக்குக் குமட்டல் வரும். விஆர்தான் வேண்டும் என்றால் பின்னால் போன் செருகத் தேவையில்லாத குவெஸ்ட் கண்ணாடி பக்கம் போங்கள். அதுவும் உள்ளே ஆண்ட்ராய்டுதான், இப்போது யூனிட்டியில் கற்றுக்கொள்வது எதுவும் வீண் போகாது.

பிக்சல்பித்தன்

நழுவும் விஷயத்துக்கு வருகிறேன். கேமரா படத்தில் மூலைகள், கோடுகள், கறைகள் போன்ற தனித்துத் தெரியும் புள்ளிகளை ஏஆர்கோர் பொறுக்கி எடுத்து, அவை ஃபிரேமுக்கு ஃபிரேம் எப்படி நகர்கின்றன என்பதையும் போனின் அசைவை அளக்கும் கைரோ, ஆக்சிலரோமீட்டர் சொல்வதையும் சேர்த்துத்தான் போன் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. ஐபோனில் ஏஆர்கிட் செய்வதும் இதேதான். அதனால் ஒரே நிறத்தில் வழவழவென்று இருக்கும் மேசை, கண்ணாடி, மங்கல் வெளிச்சம் எல்லாம் அதற்கு ஆகாது. பிடித்துக்கொள்ளப் புள்ளியே இல்லை. மேசை மேல் ஒரு செய்தித்தாளை விரித்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள், பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி ஆங்கர், அதாவது பொருளை நிஜ இடத்தோடு கட்டிவைக்கும் புள்ளி. நடக்க நடக்க ஏஆர்கோர் தன் கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்கும், அப்படித் திருத்தும்போது உங்கள் கனசதுரம் மட்டும் பழைய எண்களிலேயே நின்றால் அது நகர்ந்த மாதிரி தெரியும். தொட்ட இடத்தில் அந்தப் பிளேனோடு (ஏஆர்கோர் கண்டுபிடித்த தட்டையான பரப்பு) ஒட்டிய ஆங்கர் ஒன்றைப் போட்டு, கோட்டையை அதற்குக் கீழே வையுங்கள். பிளேனின் உயரம் பின்னால் திருத்தப்பட்டாலும் கோட்டையும் கூடவே இறங்கிவிடும்.

மிதப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. நிழல் போட்டிருக்கிறீர்களா? மிகச் சரியான இடத்தில் வைத்த பொருளும் அடியில் நிழல் இல்லாவிட்டால் மிதக்கிற மாதிரிதான் தெரியும். மங்கலான ஒரு வட்ட நிழல் படம் போதும், அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

அப்புறம் அளவு. யூனிட்டியில் 1 யூனிட் என்றால் ஏஆரில் 1 மீட்டர். கோட்டை மேசையில் அடங்க வேண்டும் என்று எல்லா மாடலையும் 0.05க்குச் சுருக்காதீர்கள், இயற்பியலும், எதிரிகளுக்கு நடக்க வழி கொடுக்கும் நேவ்மெஷும் அந்தக் குட்டி அளவில் கோணல்மாணலாக நடந்துகொள்ளும். அதற்குப் பதில் ஏஆர் கேமராவைத் தாங்கும் எக்ஸ்ஆர் ஆரிஜினின் ஸ்கேலை 20 ஆக்குங்கள். கோட்டை உள்ளே வழக்கமான அளவில் இருக்கும், பார்ப்பவருக்கு இருபதில் ஒரு பங்காகத் தெரியும்.

சும்மாவந்தேன்

மூன்றாம்கண் சொன்னதில் எனக்கு அரை சம்மதம். விற்க வேண்டாம் சரி, ஆனால் இரண்டு கண் படம், குமட்டல், பார்வையாலேயே தேர்ந்தெடுப்பது இதையெல்லாம் செலவில்லாமல் தொட்டுப் பார்க்க கார்ட்போர்டு இன்னும் உதவும். 2019 நவம்பரில் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டார்கள், யூனிட்டி பிளகினும் இருக்கிறது.

எனக்கு உண்மையான கேள்வி வேறு. இந்த கேமுக்கு ஏஆர் எதற்கு? கேமராவை அணைத்துவிட்டு, பின்னணியில் ஒரு மர மேசைப் படம் போட்டு ஆடினால் அதே சுகம் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் ஏஆர் வெறும் அலங்காரம், இரண்டாம் நாளே சலித்துவிடும். 2016இல் வந்த போகிமான் கோ உலகத்தையே தெருவில் இறக்கியது, ஆனால் பிடிக்கும் நேரத்தில் ஏஆரை அணைத்துவிட்டு ஆடியவர்கள் ஏராளம், பேட்டரியும் மிச்சம், பிடிப்பதும் சுலபம். மைன்கிராஃப்ட் எர்த் 2019இல் வந்து 2021 ஜூனில் மூடிவிட்டார்கள். பெரிய பெயர் இருந்தாலே போதும் என்று இல்லை.

ஆகவே நடந்தால்தான் ஆட முடியும் என்கிற மாதிரி எதையாவது உள்ளே வையுங்கள். கோட்டைக்குப் பின்னால் சுரங்கம் தோண்டுகிறவன் எழுந்து போய் எட்டிப் பார்த்தால்தான் தெரிவான், கோபுரத்தின் வாசல் வழியே குனிந்து பார்த்தால்தான் உள்ளே ஒளிந்தவன் தெரிவான், இப்படி. ஒரு சுற்று மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்பது என் கட்சி. போனைத் தூக்கிப் பிடித்த கை அதற்கு மேல் தாங்காது. ஆடுபவரைப் பின்பக்கமாக நடக்க வைக்கும் எதையும் வைக்காதீர்கள், திரையைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் இடறி விழுவார்.

கீறல்திரை

பிக்சல்பித்தன், செய்தித்தாளும் ஆங்கரும் வேலை செய்தன, கனசதுரம் இப்போது ஒட்டிக்கொண்டு நிற்கிறது, மிக்க நன்றி. விஆரை விட்டுவிட்டேன். சுரங்கக்காரன் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், கோபிக்க வேண்டாம் :)

புதுத் தொல்லை: சில நிமிடங்களில் போன் நன்றாகச் சூடாகி ஃபிரேம் விழ ஆரம்பிக்கிறது. இன்னொன்று, ஏஆர் ஆதரவு இல்லாத போன் வைத்திருப்பவர்கள் கேமை இறக்கிவிட்டுத் திட்டினால் என்ன செய்வது?

பழையகம்பைலர்

தம்பி, சூடு ஏஆருடன் கூடப் பிறந்தது. கேமரா, டிராக்கிங், உங்கள் கேம் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன, முதல் இரண்டில் நீங்கள் கை வைக்க முடியாது, ஆனால் சும்மா ஓடுவதை நிறுத்தலாம். கோட்டை வைத்தவுடன் பிளேன் தேடலை அணைத்துவிடுங்கள், அதை ஓடவிட்டு வைத்திருக்கும் கேம்கள்தான் அதிகம். ஏஆர் செஷனில் மேட்ச் ஃபிரேம் ரேட் என்று ஒன்று இருக்கிறது, அதை இயக்கினால் கேமரா வேகத்துக்கு மேல் யூனிட்டி வீணாக ஓடாது. கேமரா 30 ஃபிரேம் தரும்போது நீங்கள் 60 வரைந்து என்ன லாபம்? புகை, நெருப்பு போன்ற அடுக்கடுக்கான ஒளிபுகும் துகள்களைக் குறையுங்கள், படம் வரையும் சில்லான மொபைல் ஜிபியு அதில்தான் மூச்சு வாங்கும். வரைந்த படத்துக்கு மேல் மெருகேற்றும் போஸ்ட் பிராசஸிங் பக்கமே போக வேண்டாம்.

ஸ்டோர் விஷயம் சுலபம். ஏஆர்கோர் அமைப்பில் கட்டாயம், விருப்பம் என்று இரண்டு உண்டு. கட்டாயம் என்று வைத்தால் ஆதரவு இல்லாத போன்களுக்கு பிளே ஸ்டோரில் கேம் காட்டப்படவே காட்டப்படாது, ஆண்ட்ராய்டு 7க்குக் கீழே போகவும் முடியாது. விருப்பம் என்று வைத்தால் எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஏஆர் இருக்கிறதா என்று கேம் திறந்ததும் நீங்களே சோதித்து, இல்லாதவர்களுக்கு விரலால் சுழற்றிப் பார்க்கும் சாதாரண 3டி காட்சியைக் கொடுக்க வேண்டும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பேருந்தில் உட்கார்ந்திருப்பவரும் ஆடலாமே. சுரங்கக்காரனுக்கு மட்டும் அங்கே வேறு வழி யோசிக்க வேண்டியிருக்கும்.

ஐபோனுக்குக் கட்டும்போது கேமரா எதற்கு என்ற விளக்க வரியை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் கேமராவைத் தொட்டவுடன் ஆப் விழுந்துவிடும். ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் பில்ட் போட்டு மேசையைச் சுற்றவும் வேண்டாம். ஏஆர் ஃபவுண்டேஷன் 5 முதல் எக்ஸ்ஆர் சிமுலேஷன் இருக்கிறது, எடிட்டருக்குள்ளேயே ஒரு பொய் அறையில் நடந்து பார்க்கலாம். சூடும் நழுவலும் அதில் தெரியாது, அதற்கு மட்டும் போனை எடுங்கள்.