நியூ ஆர்லியன்ஸில் இரண்டு நாள்: பிரெஞ்ச் குவார்ட்டருக்குள்ளேயே சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாமா?

ஹூஸ்டன்_மகள்:
அடுத்த மாதம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஹூஸ்டனிலிருந்து காரில் நியூ ஆர்லியன்ஸ் போகிறோம். வெள்ளி, சனி இரண்டே நாள். அறை ஊரின் பழைய பகுதியான பிரெஞ்ச் குவார்ட்டரில். அப்பா மாட்டிறைச்சி தவிர எல்லாம் சாப்பிடுவார், அம்மா சைவம். அங்கேயே சாப்பிட்டுக்கொள்ளலாமா, வெளியே போக வேண்டுமா?

டெகேட்டர்_ரசிகன்:
வயதானவர்களை வைத்துக்கொண்டு வெளியே எதற்கு? எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. காலையில் கடை திறந்ததுமே கஃபே து மாண்ட் போய்விடுங்கள். 1862இல் தொடங்கிய கடை. பென்யே ஒரு தட்டுக்கு மூன்று வரும். சதுரமாக வெட்டிப் பொரித்த மாவு, மேலே சர்க்கரைத் தூளைக் கொட்டியிருப்பார்கள். கடிக்கும்போது மூச்சை இழுத்தால் தூள் தொண்டைக்கு ஏறிவிடும், அம்மாவிடம் சொல்லி வையுங்கள். காபியில் சிக்கரி உண்டு, பாதிக்குப் பாதி சூடான பால். உங்கள் அப்பாவுக்கு முதல் வாயிலேயே வீட்டு ஞாபகம் வந்துவிடும். மதியம் அதே தெருவில் சென்ட்ரல் குரோசரி. 1906இல் சிசிலிக்காரர் ஒருவர் ஆரம்பித்தது. வட்ட ரொட்டிக்குள் ஆலிவ் ஊறுகாய், சீஸ், இறைச்சித் துண்டுகள் வைத்த முஃபுலெட்டா அங்கே பிரபலம். பாதி வாங்கினாலே இரண்டு பேருக்குக் காணும். என்ன இறைச்சி என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிட்சிட்டி_வாசி:
ஐந்து வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். காபி விஷயத்தில் மறுப்பே இல்லை. சாப்பாட்டுக்குக் குவார்ட்டர் போதும் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது. நான் வந்த புதிதில் குவார்ட்டரின் போர்பன் தெருவில் ஒரு கடையில் கம்போ என்கிற இந்த ஊர்க் குழம்பு வாங்கினேன். வெதுவெதுவென்று மாவுக்கஞ்சி மாதிரி இருந்தது. இதற்கா இவ்வளவு பேச்சு என்று நினைத்துவிட்டேன்.

பிறகு பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் செய்வதைப் பார்த்தேன். எண்ணெயில் மைதாவைப் போட்டு முக்கால் மணி நேரம் கையெடுக்காமல் கிளறினார். வெள்ளை, பொன்னிறம், செங்கல் நிறம், கடைசியில் சாக்லேட் நிறம். கொஞ்சம் கருகினாலும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். அப்புறம்தான் வெங்காயம், குடைமிளகாய், செலரி. அவர் வெண்டைக்காயும் போட்டார். கம்போ என்ற பெயரே ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காய்க்கு உள்ள சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைமணம் அது. அதை அவர்கள் வாழ்ந்த இடத்தில் போய்ச் சாப்பிட வேண்டாமா?

கறுப்பின மக்களின் பழைய பகுதியான ட்ரெமேயில் டூக்கி சேஸ் என்ற உணவகம் இருக்கிறது, 1941இல் தொடங்கியது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடச் சட்டம் இடம் தராத காலத்தில், சிவில் உரிமைப் போராட்டக்காரர்கள் அதன் மாடியில் கூடித் திட்டம் போட்டார்கள். அதை நடத்திய லியா சேஸ் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார். 2019இல் 96 வயதில் காலமானார். இன்றும் குடும்பத்தார்தான் நடத்துகிறார்கள்.

டெகேட்டர்_ரசிகன்:
அந்த வரலாற்றின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் இந்த ஊர்க் கிரியோல் பாணிக் கம்போவில் கன்றுக்கறி சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இவருடைய அப்பா எப்படிச் சாப்பிடுவார்? திங்கட்கிழமைச் சமையலான சிவப்பு பீன்ஸ் சோற்றில்கூடப் பன்றி இறைச்சி போட்டுத்தான் வேகவைப்பார்கள். அம்மா அங்கே என்ன செய்வார்? குவார்ட்டரில் ஒரு கடை ஒத்துவராவிட்டால் அடுத்த கடைக்கு நடந்துவிடலாம்.

மிட்சிட்டி_வாசி:
நியாயமான கேள்வி. அப்பாவுக்கு அங்கே கோழி வறுவல் சொல்லுங்கள், அதற்கும் பேர்போன இடம்தான். அம்மாவுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. கையில் கார் இருக்கிறதே, நியூ ஆர்லியன்ஸ் ஈஸ்ட் போங்கள். 1975க்குப் பிறகு வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் குடியேறிய பகுதி. அங்கே டாங் ஃபூங் பேக்கரியில் டோஃபு வைத்த பான் மீ, அதாவது வியட்நாமிய சாண்ட்விச், கிடைக்கும். மேல் ஓடு மொறுமொறுவென்று உடையும், உள்ளே பஞ்சு. ஊரில் பல போ பாய் (இந்த ஊர் சாண்ட்விச்) கடைகளுக்கு ரொட்டி இங்கிருந்துதான் போகிறது. எல்லோரும் சாப்பிடுவதில் அம்மாவுக்கு முடிந்ததைப் பொறுக்கிக் கொடுப்பதைவிட, அவருக்கென்றே ஒரு வேளையை ஒதுக்குவது நல்லதில்லையா?

டெகேட்டர்_ரசிகன்:
சரி, அம்மா விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. அந்தப் பேக்கரி எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மாலை நேரம் குவார்ட்டருக்குத்தான். மான்டலியோன் ஹோட்டலில் கரௌசல் பார் 1949இலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. 25 இருக்கைகள், ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரம். அப்பா குடிப்பவராக இருந்தால் சசராக் என்ற காக்டெயில் சொல்லுங்கள், ரை விஸ்கியில் கலப்பது. கொஞ்சம் காட்டமாக இருக்கும், மெதுவாகக் குடிக்க வேண்டியது.

மிட்சிட்டி_வாசி:
அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை.

ஹூஸ்டன்_மகள்:
இருவருக்கும் நன்றி. வெள்ளி மதியம் டூக்கி சேஸ், மாலை கரௌசல். சனி காலை கஃபே து மாண்ட், ஊர் திரும்புமுன் அம்மாவுக்காக ஈஸ்ட். அப்பாவிடம் சிக்கரி காபி என்றதும் "எண்பதுக்கு இருபதா?" என்று கேட்கிறார்.

டெகேட்டர்_ரசிகன்:
விகிதம் தெரியாது, ஆனால் நம் வீட்டுக் காபியைவிடச் சிக்கரி தூக்கலாகவே இருக்கும். தூள் டப்பாவிலும் விற்கிறார்கள், ஒன்று வாங்கி வாருங்கள். நம் ஃபில்டரில் போடும்போது அழுத்தாமல் போடுங்கள், இல்லையென்றால் டிகாக்ஷன் இறங்கவே இறங்காது.