4294967297: ஒரு படி மட்டும் புரியவில்லை, உதவுங்கள்

வணக்கம். 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் 4294967297. கணித அறிஞர் ஃபெர்மா இதைப் பகா எண் என்றே நம்பினார். 1732-இல் ஆய்லர் 641 × 6700417 எனப் பிரித்துக் காட்டினார்.

இதன் எந்தப் பகாக் காரணியையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வருமாம். அப்படிப்பட்ட பகா எண்களை எழுதினேன்: 193, 257, 449, 577, 641. ஒவ்வொன்றாலும் கையாலேயே வகுத்தேன். முதல் நான்கிலும் மீதி நின்றது, ஐந்தாவதில் பூஜ்ஜியம்! அவ்வளவு சந்தோஷம்.

சரி, சிக்கல் இங்கேதான். பகாக் காரணி 'ப' என்றால், ப-ஆல் வகுக்கும்போது 2-இன் 32-ஆம் அடுக்குக்கு மீதி −1, அப்புறம் 64-ஆம் அடுக்குக்கு 1. அதைவிடச் சிறிய அடுக்கில் 1 வராது என்பது எப்படி? அதிலிருந்து ப−1 ஏன் 64-ஆல் வகுபட வேண்டும்? ஃபெர்மாவின் சிறிய தேற்றம் (இங்கே: 2-இன் ப−1-ஆம் அடுக்கை ப-ஆல் வகுத்தால் மீதி 1) வரைக்கும் தெரியும். யாராவது படிப்படியாக விளக்குங்களேன்.