பிளாக்கிங் பெப்டைடு போட்டால் இரண்டு பேண்டும் மறைகிறது, எது உண்மை?

கேள்வி: வணக்கம். சுண்டெலிச் சிறுநீரக லைசேட்டில் (செல்களை உடைத்தெடுத்த கரைசல்) ஆஞ்சியோடென்சின் ஏடி1 ஏற்பியை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை) பார்க்கிறேன். முயல் பாலிகுளோனல் ஆன்டிபாடி. 43 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) தடித்த பேண்ட் (பட்டை), 70 பக்கம் மெலிதாக இன்னொன்று. மெம்பரேனை இரண்டாக வெட்டி, ஒரு பாதிக்கு வெறும் ஆன்டிபாடியும், மறுபாதிக்கு 5 மடங்கு எடை பிளாக்கிங் பெப்டைடோடு (ஆன்டிபாடியை உருவாக்கப் பயன்பட்ட அதே புரதத் துண்டு) இரவு முழுக்க 4 டிகிரியில் சுழலவிட்ட ஆன்டிபாடியும் ஊற்றினேன். இரண்டாவது பாதி துடைத்துவிட்ட மாதிரி வெள்ளை! 43தான் சரி என்கிறார் வழிகாட்டி. அப்படியானால் 70 ஏன் மறைந்தது?

பதில்: பெப்டைடு அதிகமோ? ஒரு மடங்காகக் குறைத்துப் பாருங்கள்.

கேட்டவர்: பார்த்தாயிற்று. அதே வெள்ளை.

பதில்: மறையத்தான் செய்யும். ஆன்டிபாடி 150 கிலோடால்டன், 15 அமினோ அமிலப் பெப்டைடு 2 கூட வராது. எடை சமமாக இருந்தாலே ஓர் ஆன்டிபாடிக்கு எண்பது தொண்ணூறு பெப்டைடு கிடைக்கும். பிடிக்கும் கை இரண்டுதானே. இரண்டும் நிறைந்துவிட்டால் எதைத்தான் பிடிக்கும்? சரியான புரதத்தையும் விடும், தவறானதையும் விடும். ஆக, இந்தப் பேண்டுகள் செகண்டரியின் (முதல் ஆன்டிபாடியைப் பிடித்துக் காட்டும் இரண்டாவது ஆன்டிபாடி) வேலை இல்லை என்பதுதான் உங்களுக்குத் தெரிந்தது.

43ஐயும் நான் நம்பமாட்டேன். ஏடி1இல் 359 அமினோ அமிலங்கள், கணக்குப்படி 41 கிலோடால்டன், அதனால் பொருத்தமாகத் தெரிகிறது. ஆனால் 2012, 2013இல் வந்த ஆய்வுகளில், இந்த ஏற்பியின் மரபணு நீக்கிய (நாக்அவுட்) சுண்டெலிகளிலும் கடையில் வாங்கிய ஆன்டிபாடிகள் அதே பேண்டைக் காட்டின. மேலும் இந்த ஏற்பியில் சர்க்கரை ஒட்டும் இடங்கள் உண்டு, ஒட்டினால் பேண்ட் மேலே ஏறி அகலமாகப் படரும். சவ்வுப் புரதம் இவ்வளவு கூர்மையாக நிற்பதே எனக்கு உறுத்துகிறது.

கேட்டவர்: எங்களிடம் நாக்அவுட் எலி இல்லையே அக்கா.

பதில்: எச்இகே 293 செல்லில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல்) டேக் (அடையாளத் துண்டு) வைத்த ஏடி1ஐ டிரான்ஸ்பெக்ட் செய்யுங்கள், அதாவது அதன் மரபணுவைச் செல்லுக்குள் செலுத்துங்கள்; பக்கத்து லேனில் வெறும் வெக்டர் (ஏடி1 மரபணு இல்லாத டிஎன்ஏ) செலுத்திய செல். டேக் ஆன்டிபாடி காட்டும் இடத்திலேயே உங்களுடையதும் காட்டுகிறதா பாருங்கள். அப்புறம் ஒன்று, சாம்பிளை 95 டிகிரியில் கொதிக்கவிடாதீர்கள், திரண்டு ஜெல்லின் தலையிலேயே நின்றுவிடும். 37 போதும்.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து): செய்துவிட்டேன். டேக் ஆன்டிபாடிக்கு 55க்கு மேலே அகலமாகப் படர்ந்த பட்டை. எங்கள் ஆன்டிபாடிக்கு அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் வெக்டர் லேனிலும் 43 அப்படியே நிற்கிறது. பெப்டைடு போட்டால் அதுவும் மறைகிறது. நாளை லேப் மீட்டிங், ஏற்கனவே வரைந்த நான்கு படங்கள் இந்த 43ஐ வைத்துத்தான்.