ராமென் கடையில் பச்சைப் புள்ளியை நம்பி வீகன் சாப்பிடலாமா?

ஏரிச்சாலை:
அடுத்த வாரம் கொடைக்கானல்ல நாலு பேர் ஒரு ஜப்பானிய நூடுல்ஸ் கடைக்குப் போறோம். ஒருத்தர் முழு வீகன். பால், நெய், தேன் எதுவும் ஆகாது. மெனுவில் வெஜ் ராமென் (சாறு ஊத்தின நூடுல்ஸ்), யாக்கி உடோன் (வதக்கின தடிமனான நூடுல்ஸ்), அகேதாஷி டோஃபு (பொரிச்ச சோயா கட்டி) எல்லாத்துக்கும் பச்சைப் புள்ளி இருக்கு. அது போதுமா? சர்வர்கிட்ட என்ன கேட்கணும்?

கோத்தகிரி கேரட்:
போதாது. "வெஜ்தானே?"ன்னு கேட்டா "ஆமாம் சார்"தான் பதிலா வரும். நம்ம ஊர் வெஜ்ஜில் முட்டை, மீன் போயிடும். பாலும் தேனும் உள்ளேயே இருக்கும். ஜப்பானில் காய்கறி ராமென்னா மேலே தெரியறது மட்டும்தான் காய்கறி. கீழே சாறு மீனிலோ பன்றி எலும்பிலோ வந்ததா இருக்கலாம். அதனால் கடைக்காரர் ஜப்பான் முறையை அப்படியே பிடிச்சார்னா மீன் சந்தேகம், நம்ம நாக்குக்கு மாத்தினார்னா பால் சந்தேகம். ரெண்டையும் கேளுங்க.

கிண்ணத்தைப் பிரிச்சுப் பிரிச்சுக் கேட்கணும். முதல்ல சாறு. ஜப்பானிய அடிச்சாறு தாஷின்னா பெரும்பாலும் கொம்புவும் கட்சுவோபுஷியும். கொம்பு கடல்பாசி (ஆட்டுக் கொம்பு இல்லை, பயப்படாதீங்க). கட்சுவோபுஷி காய வெச்சுச் சீவின சூரை மீன். நேரமில்லாத சமையலறையில் ஹோண்டாஷி மாதிரி பொடியைக் கரைப்பாங்க, அதுவும் மீன்தான். அடுத்தது டாரே, அதாவது கிண்ணத்தின் அடியில் ஊத்துற உப்புக் கரைசல். எல்லாரும் கோட்டை விடுற இடம் இதுதான். சாறு சுத்தமான காய்கறிச் சாறா இருக்கும், டாரேவில் காய்ந்த மீன் ஊறியிருக்கும். மிசோ (புளிக்க வெச்ச சோயா விழுது) பேஸ்டிலேயே தாஷி கலந்து வர்ற பாக்கெட்டும் உண்டு; பாக்கெட்டின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்க. மூணாவது, மேலே மிதக்குற எண்ணெய்: கோழிக் கொழுப்பா, வெண்ணெயா, எள்ளெண்ணெயா? சாறு வெள்ளையா க்ரீமியா இருந்தா சோயா பாலா மாட்டுப் பாலான்னு கேட்காம வாயில் வைக்காதீங்க.

குறிஞ்சி12:
நூடுல்ஸ் மஞ்சளா இருந்தா முட்டைதானே?

கோத்தகிரி கேரட்:
கட்டாயம் இல்லை. ராமென் மாவில் கன்சுய்ன்னு ஒரு காரம் சேர்ப்பாங்க, சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும். கோதுமையில் இயல்பா இருக்குற நிறமி அந்தக் காரம் பட்டதும் மஞ்சளாகும். முட்டை சேர்த்த ரகமும் இருக்கு, நிறத்தை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது. உடோன் மாவு, உப்பு, தண்ணீர் மட்டுமே, அதனால் கவலை குறைவு.

அடுப்படி ஆள்:
யாக்கி உடோன்லதான் ஏமாறுவாங்க, நூடுல்ஸ் வீகன்னு நிம்மதியா இருக்கும்போது. வதக்குற சாஸில் ஆய்ஸ்டர் (சிப்பி) சாஸோ, நெத்திலி சேர்ந்த வூஸ்டர் சாஸோ இருக்கலாம். பரிமாறும்போது மேலே கட்சுவோபுஷி தூவுவாங்க. சூட்டில் ஆடுற மெல்லிய செதில்தான் அது. அகேதாஷி டோஃபு வழக்கமா தாஷி சாறில்தான் மிதக்கும். கிம்ச்சியில் (கொரிய முட்டைகோஸ் ஊறுகாய்) மீன் சாஸ், டெம்புரா (ஜப்பானிய பஜ்ஜி) மாவில் முட்டை இருக்கலாம். கியோசாவை (ஜப்பானிய மோமோ) கேட்டு வாங்குங்க, சில இடத்தில் பூரணத்தில் பனீர் போடுறாங்க.

கேட்கவேண்டிய நிஜமான வசதி இது: "வெறும் உடோன், சோயா சாஸ், எள்ளெண்ணெய், ஸ்பிரிங் ஆனியன், வதக்கின காளான், வறுத்த டோஃபு. தாஷி வேண்டாம்." எந்தச் சமையலறையிலும் பத்து நிமிஷ வேலை. மதியம் ஒண்ணரை மணிக் கூட்டத்தில் கேட்காதீங்க, முன்னாடி நாளே போனில் சொல்லிடுங்க. கொம்புவை மட்டும் ஊற வெச்சு மீனில்லாத சாறு எடுக்க அவங்களுக்கு ஒரு இரவு போதும்.

சிப்பிக் காளான்:
ஒரு சின்ன சேர்ப்பு. எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2022 விதிப்படி பாக்கெட்டில் வீகன் முத்திரை தனியா உண்டு, பச்சைப் புள்ளி வேற அது வேற. சாஸ், மிசோ பாட்டிலில் அதைத் தேடுங்க.

ஏரிச்சாலை:
நன்றி. கடையில் சரிப்படலைன்னா வீட்டில் செய்றதுன்னா சாறு எப்படி?

அடுப்படி ஆள்:
1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் கொம்பு, 3 அல்லது 4 காய்ந்த ஷிடாகே காளான். ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் சிறு தீயில் வெச்சு, அடியில் குமிழி எழும்பத் தொடங்கும்போது கொம்புவை எடுத்திடுங்க, கொதிச்சா வழவழப்பும் கசப்பும் வரும். காளான் இன்னும் பத்து நிமிஷம் இருக்கலாம். ரெண்டும் சேர்ந்தா ருசி கூடுறதுக்குக் காரணம் உண்டு: கொம்புவில் குளூட்டமேட், ஷிடாகேவில் குவானிலேட், ஒண்ணு இன்னொண்ணைத் தூக்கி விடும். ஈரக் காளானில் அது இவ்வளவு வராது.

ஒரு கிண்ணத்துக்கு 300 மில்லி சாறு, 2 மேசைக்கரண்டி ஜப்பானிய சோயா சாஸ். எள்ளெண்ணெய்னா இங்கே வறுத்த எள்ளில் எடுத்தது; நல்லெண்ணெயை அதுக்குப் பதிலா ஊத்தாதீங்க, அது வறுக்காத எள், வாசனையே வேற. மலைப்பூண்டு 6 பல் பொடியா நறுக்கி 4 மேசைக்கரண்டி எண்ணெயில் சிறு தீயில் வதக்கி, பாதியைப் பொன்னிறத்தில் எடுத்து, மீதியைக் கரும்பழுப்பு வரைக்கும் விட்டு ரெண்டையும் அரைச்சா மேலே ஊத்துற எண்ணெய் தயார். சோயா பால் சேர்க்கணும்னா கடைசியில், அடுப்பை அணைச்ச பிறகு. உப்போட கொதிச்சா திரிஞ்சிடும்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். பாக்கெட்டில் போட்ட நேரத்தை நம்பினா நடுவில் மாவு வேகாம நிக்கும். 100 கிராம் நூடுல்ஸுக்கு 1 லிட்டருக்குக் குறையாத தண்ணீர் வெச்சு, ரெண்டு மூணு நிமிஷம் கூட விட்டு, ஒண்ணைக் கடிச்சுப் பார்த்து இறக்குங்க. உடோனை உடனே பச்சைத் தண்ணீரில் அலசி, பரிமாறுறதுக்கு முன்னாடி வெந்நீரில் ஒரு முக்கு.